டெக்சாஸில் பன்றி வேட்டை: ரைபிளா, வில்லா?

கேள்வி: எச்-1பி விசாவில் டாலஸ் பக்கம் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். உடன் வேலை செய்யும் அமெரிக்க நண்பருக்கு லானோ அருகே பண்ணை இருக்கிறது. பன்றித் தொல்லை தாங்கவில்லை, டிசம்பரில் வாருங்கள், சுடலாம் என்று அழைக்கிறார். ரைபிள், காம்பவுண்டு வில் இரண்டும் அவரிடமே உண்டு. லைசென்ஸ் தேவையில்லை என்கிறார். நான் துப்பாக்கியைத் தொட்டதில்லை. கல்லூரியில் இரண்டு வருடம் வில் பழகியிருக்கிறேன். எதை எடுக்கலாம்? கறியைச் சாப்பிடலாமா?

பதில்: நண்பர் சொன்ன லைசென்ஸ் கணக்கு அவர் வரைக்கும் சரி. உங்களுக்கு அது பொருந்தாது. முதலில் இதைத் தீர்த்துவிட்டு வில்லுக்கு வருவோம்.

2019 செப்டம்பர் முதல் டெக்சாஸில் தனியார் நிலத்தில், உரிமையாளர் அனுமதியோடு காட்டுப்பன்றியைச் சுட வேட்டை லைசென்ஸ் தேவையில்லை. பருவம் கிடையாது, எண்ணிக்கை வரம்பு கிடையாது, இரவிலும் சுடலாம். ஊரில் கரும்புக் கொல்லையை உழுதுபோட்ட பன்றியைத் தொட்டாலே வனத்துறை வந்து நிற்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். ஆனால் இது மாநிலச் சட்டம். துப்பாக்கியைப் பொறுத்தவரை உங்கள் தலைக்கு மேல் மத்தியச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற குடியேற்றம் சாராத விசாக்களில் வந்தவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது என்கிறது அது. அதற்குள்ள சில விதிவிலக்குகளில் உங்களுக்கு எளிதாகக் கைகொடுப்பது, அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது.

ஆக, பன்றியைச் சுட லைசென்ஸ் வேண்டாம். நீங்கள் ரைபிளைத் தொட லைசென்ஸ் வேண்டும். "சும்மா ஒரு தடவை பிடித்துப் பாருங்கள்" என்று நண்பர் பாசத்தோடு நீட்டினாலும் இதே கதைதான். மாட்டினால் பெருங்குற்றம், அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்கு வருகிற விஷயமல்ல, நாடுகடத்தல் வரை போகும்.

செலவு என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ஆறு மாதம் தொடர்ந்து டெக்சாஸில் வசித்திருந்தால் உள்ளூர்வாசிக்கான லைசென்ஸ் 25 டாலர். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பையும் முடிக்க வேண்டும். 17 வயது நிரம்பியவர்கள் இணையத்திலேயே முடித்துக்கொள்ளலாம். ஆண்டு லைசென்ஸ் எந்த மாதம் வாங்கினாலும் ஆகஸ்ட் 31 அன்று செத்துவிடும். போன வருடத்துச் சீட்டை நம்பிப் போய்விடாதீர்கள். மனைவி எச்-4 விசாவில் இருந்து அவரும் சுட விரும்பினால் அவர் பெயரில் தனி லைசென்ஸ் வேண்டும். சந்தேகம் மிச்சமிருந்தால் உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வரி கேட்டுவிடுங்கள். வில் மத்தியச் சட்டப்படி துப்பாக்கி ஆகாது. அதற்கு இந்தத் தடை இல்லை.

அப்படியானால் வில்லையே எடுத்துவிடலாமே என்று தோன்றும். என் பதில்: முதல் வேட்டைக்கு வேண்டாம். காரணம் பன்றியின் உடம்பில் இருக்கிறது.

மான் வேட்டை பழகியவர்கள் தோள்பட்டைக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளிக் குறிவைப்பார்கள். பன்றிக்கு அந்த இடத்தில் அடித்தால் குடலில்தான் படும். அதன் இதயமும் நுரையீரலும் முன்னுக்குத் தள்ளி, தாழ்வாக, கிட்டத்தட்ட முன்னங்கால்களுக்கு நடுவில் இருக்கின்றன. முதுகெலும்பும் நாம் நினைப்பதைவிடக் கீழே இறங்கி ஓடுகிறது. மேலே தெரிகிற திமில் பெரும்பாலும் சதையும் பிடரி மயிரும்தான். வளர்ந்த ஆண் பன்றிக்கு இதற்கு மேல் ஒரு கவசமும் உண்டு: தோளை மூடி, லாரி டயர் துண்டைத் தைத்துவைத்தது போன்ற தடித்த நார்த்தோல். ஆண்கள் ஒன்றையொன்று கோரைப்பல்லால் குத்திச் சண்டையிடும்போது காப்பது அதுதான். தோலுரிக்கும்போது கத்தி அந்த இடத்தில் வந்து நின்றுவிடும். அப்போதுதான் அம்பின் கஷ்டம் புரியும்.

எனக்குப் புரிந்தது வேறு விதமாக. முதல் வருடம், 20 கஜத்தில் ஒரு ஒற்றைப் பன்றி, பக்கவாட்டில் அசையாமல் நின்றது. அம்பு பட்ட சத்தம் காதில் விழுந்தது. மான் கணக்கில்தான் விட்டிருந்தேன். இறங்கிப் பார்த்தால் சொட்டு ரத்தம் இல்லை. கொழுப்பும் தோலும் சேர்ந்து காயத்தின் வாயை அடைத்துவிடும் என்பது அப்போது தெரியாது. நம் சீமைக் கருவேலத்தின் பங்காளியான மெஸ்கீட் புதருக்குள், சப்பாத்திக் கள்ளிக்கு நடுவில், டார்ச் வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் தவழ்ந்தேன். பன்றி கிடைக்கவில்லை. வலியில் இருக்கும் கோரைப்பல்காரன் எந்தப் புதருக்குள் படுத்திருக்கிறான் என்று தெரியாமல் முழங்காலில் போனது எவ்வளவு பெரிய மடத்தனம் என்பது மறுநாள்தான் உறைத்தது.

லைசென்ஸோடு ரைபிளை எடுங்கள். நண்பரிடம் .243 ரைபிள் (எண் தோட்டாவின் அளவைக் குறிக்கும்) இருந்தால் உதைப்பு குறைவு, புதியவருக்கு நல்லது; .308 இருந்தால் தாராளமாகப் போதும். வேட்டைக்கு முன் ஒரு நாள் சுடுதளத்துக்குப் போய், காதடைப்பு போட்டுக்கொண்டு, 100 கஜத்தில் நாற்பது ஐம்பது தோட்டாக்களாவது சுட்டுப் பழகுங்கள். பன்றி பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் நடுக்கோட்டிலேயே கண்ணை மேலே கொண்டுபோய், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் நிறுத்துங்கள். பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விசையைத் தொடாதீர்கள். கூட்டமாக நின்றால் ஒன்றைத் துளைத்த தோட்டா அடுத்ததையும் காயப்படுத்தும். விழுந்த பிறகும் அரை மணி நேரம் இருந்த இடத்திலேயே இருங்கள்.

வில்லுக்கு ஆசை இருந்தால் அடுத்த வருடம் பார்க்கலாம். கல்லூரியில் நீங்கள் பழகியது அசையாத வட்டப் பலகை. இங்கே நாணை இழுக்க 50 பவுண்டுக்குக் குறையாத விசை கேட்கும் வில், கனமான அம்பு, விரியாத நிலைத்த அலகு கொண்ட முனை, 25 கஜத்துக்குள் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்றி உங்களுக்குச் சற்றே பின்புறம் காட்டிச் சாய்ந்து நிற்கும் வரை காத்திருந்து, எதிர்ப்பக்க முன்னங்காலை நோக்கி விட வேண்டும். அப்படி விட்டால் அம்பு கவசத்துக்குப் பின்னால் நுழைந்து நெஞ்சுக்குள் போகும். நேராக நின்றால் விடாதீர்கள். கைநடுக்கத்தை அடக்குவதைவிட விடாமல் இருப்பதுதான் வில்லில் கஷ்டமான பாடம்.

எதை எடுத்தாலும் காற்று முக்கியம். பன்றிக்குக் கண் மங்கல், காது கூர்மை, மோப்பமோ நாயைத் தோற்கடிக்கும். காற்று உங்களிடமிருந்து அதன் பக்கம் வீசினால் பரணை விட்டு இறங்கி வீட்டுக்குப் போய்விடலாம். சிறிய புட்டியில் டால்கம் பவுடர் எடுத்துப் போய், அவ்வப்போது பீய்ச்சி, எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். வாசனை இல்லாத பவுடராக இருக்கட்டும். இரைக்கு இங்கே மக்காச்சோளத்தை வாளித் தண்ணீரில் சில நாள் புளிக்கவிட்டுக் கொட்டுவார்கள். மூடியைத் திறந்தால் மத்தியான வெயிலில் கள்ளுக்கடைக்குள் நுழைந்தது போல இருக்கும். டிசம்பர் நல்ல மாதம்தான்: பன்றிக்கு வியர்த்து உடம்பைக் குளிரவைக்க வழியில்லை, கோடையில் பகலெல்லாம் சேற்றில் கிடந்து இரவில்தான் மேயும். குளிரில் மாலை நாலு மணிக்கே வெளியே வரும்.

ஒரு எச்சரிக்கை. ஹாவலினா என்று பன்றி மாதிரியே ஒரு விலங்கு டெக்சாஸில் உண்டு. பன்றிக் குடும்பமே அல்ல. உருவம் சிறியது, நரைத்த உடம்பு, கழுத்தில் வெளுத்த பட்டை, வால் இருப்பதே தெரியாது. அதற்கு லைசென்ஸும் எண்ணிக்கை வரம்பும் கட்டாயம். வால் தொங்குவதைப் பார்த்த பிறகு சுடுங்கள்.

கறி சாப்பிடலாம், 30, 40 கிலோ இளம் பெண் பன்றியாக இருந்தால் அருமை. கிழட்டு ஆணுக்குக் கிடா வாடை இருக்கும், எந்த மசாலாவும் அதை மறைக்காது. அறுப்பதற்கு முன் ரப்பர் கையுறை போடுங்கள், கண்ணுக்கும் கண்ணாடி. இந்தப் பன்றிகளிடம் புரூசெல்லோசிஸ் கிருமி உண்டு. கையில் இருக்கும் சின்னக் கீறல் வழியாகவே அது நுழையும். உறையவைத்தாலும் சாகாது. சில வாரம் கழித்து விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தால், பன்றி அறுத்ததை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவராக அதைக் கேட்க மாட்டார். கறியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸைத் தொடும்வரை வேகட்டும். ஊரில் மாதிரி வைக்கோல் மூட்டி வாட்ட வேண்டியதில்லை. தோலை உரித்து, துண்டு போட்டு, உடனே ஐஸ் பெட்டிக்குள் வையுங்கள்.

வயிற்றைத் திறந்ததும் கொழுப்பின் நிறத்தைப் பாருங்கள். நீலமாக இருந்தால் அந்தப் பன்றி வார்ஃபரின் கலந்த விஷ இரையைத் தின்றிருக்கிறது. அடையாளத்துக்காகவே அதில் சாயம் சேர்க்கிறார்கள். அதைச் சமைக்காமல் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். நல்ல பன்றியாக இருந்தாலும் பச்சைக்கறித் துண்டை நண்பரின் நாய்க்குப் போடாதீர்கள். சூடோரேபிஸ் என்ற வைரஸ் அதில் இருக்கலாம். மனிதனுக்குப் பெரும்பாலும் தொற்றாத அது நாயைக் கொன்றுவிடும்.