ஈரத்துணி

அன்புள்ள ஐயா,

எனக்கு 64 வயது. ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. காசிக்குப் போகவேண்டும் என்று என் மனைவி பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இப்போது அவளுக்கு மூட்டுவலி வேறு. கங்கையைப் பற்றி வரும் செய்திகளைப் படித்தால் அதில் கால் வைக்கவே எனக்கு மனம் வரவில்லை. முங்கினால் பாவம் போகும் என்பதிலும் நம்பிக்கை இல்லை. ‘கங்கை ஆடில் என், காவிரி ஆடில் என்’ என்று அப்பரே கேட்டுவிட்டார். ஒரு கங்கைச் செம்பை வாங்கி வீட்டிலேயே தெளித்துக்கொண்டால் போதாதா? இந்த நீராடலில் உண்மையில் என்னதான் இருக்கிறது?

சு., ஈரோடு

அன்புள்ள சு. அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் அப்பர் வருகிறார், செய்தித்தாள் வருகிறது, உங்கள் நம்பிக்கையும் வருகிறது. உங்கள் மனைவிக்கு இரண்டே வரி. பத்து வருடமாகக் கேட்கிறார் என்று நீங்களே எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே கிருமிக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அங்கேதான் கோபம் வந்தது.

அப்பரை இதற்குத் துணைக்கு அழைக்காதீர்கள். அந்தப் பாட்டு ‘எங்கும் ஈசன் எனாதவர்க்கு இல்லையே’ என்று முடிகிறது. ஈசன் எங்கும் இருக்கிறான் என்று எண்ணாதவருக்குத்தான் பயனில்லை என்கிறார். கயிலைக்கு நடந்து, தவழ்ந்து, உருண்டு உடம்பு தேய்ந்துபோன அவரை வடக்கே ஒரு பொய்கையில் முங்கச் சொல்லித் திருவையாற்றுக் குளத்தில் எழவைத்தான் இறைவன் என்கிறது பெரியபுராணம். கயிலைக் காட்சியே அவருக்கு ஒரு முழுக்கில்தான் கிடைத்தது.

கங்கையில் அழுக்கு இருப்பது உண்மைதான். பெரும்பாலும் ஊர்ச் சாக்கடை. கான்பூர்ப் பக்கம் தோல் ஆலைக் கழிவும் சேர்ந்தது. குளிக்கும் நீரில் 100 மில்லிக்கு 2500க்கு மேல் மலக்கிருமி இருக்கக்கூடாது என்று அரசு வைத்திருக்கும் அளவைப் பல படித்துறைகளில் நீர் தாண்டுகிறது. தண்ணீரை விழுங்காதீர்கள், உடம்பில் புண் இருந்தால் இறங்காதீர்கள், அறைக்குத் திரும்பியதும் நன்றாகக் குளித்துவிடுங்கள். சரி, அது போதும்.

நீராடலில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, அதையேதான் நானும் கொஞ்ச நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் அப்பாயி மாயவரத்துக்காரி. ஐப்பசி பிறந்தால் விடிகாலையில் எங்களையும் எழுப்பிக் காவிரியின் துலாக்கட்டப் படித்துறைக்கு இழுத்துப்போவாள். அதற்கு முன்னால் வீட்டுக் கிணற்றடியில் ஒரு குளியல் உண்டு. “அதான் ஆத்துல குளிக்கப் போறோமே அப்பாயி, இது எதுக்கு?” என்று குளிரில் நடுங்கிக்கொண்டு கேட்டேன். “அழுக்கோட போயி அவ மேல விழுறதாடா?” என்றாள். ஆற்றில் கடைசிப் படிக்கு முந்தின படியில் குந்துவாள். காலை நனைக்கமாட்டாள். முதலில் கையால் நீரை அள்ளித் தலையில் வைத்துக்கொள்வாள். “தாயே, காலு வைக்கிறேன், பொறுத்துக்க” என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவாள். மூன்று முழுக்கு. சோப்பு கிடையாது, எச்சில் துப்பினால் முதுகில் ஒன்று விழும். ஈரப் புடவையைக்கூட ஆற்றில் பிழியாமல் மேல் படிக்கு வந்து, வேறு பக்கம் திரும்பிப் பிழிவாள். அந்த நீர் திரும்ப ஆற்றுக்குள் போகக்கூடாது என்று அவளுக்கு அப்படி ஒரு கவனம்.

அவள் சொன்ன கதைதான் எனக்குக் கிடைத்த பாடம். எல்லாரும் வந்து பாவத்தைக் கரைத்துக் கரைத்துக் கங்கையே கறுத்துப் போனாளாம். அதைக் கழுவிக்கொள்ள ஐப்பசி மாதம் காவிரிக்கு வருகிறாளாம். ஆறும் களைத்துப்போகும், ஆற்றுக்கும் ஒரு குளியல் வேண்டும் என்று தெரிந்தவர்கள்தான் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் பாபநாசம் போயிருந்தேன். பொதிகையிலிருந்து இறங்கிவரும் தாமிரபரணி. முங்கி எழுந்து ஓர் அடி வைத்தேன், கணுக்காலில் ஏதோ சுற்றிக்கொண்டது. இழுத்தால் சேலை. பச்சைக் கரை போட்ட பாலியஸ்டர் சேலை. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. அதன் நுனியில் ஒரு குழந்தையின் சட்டை சிக்கியிருந்தது, பித்தான்கள் எல்லாம் போட்டபடியே. கீழே குனிந்து துழாவினால் பாறை இடுக்கெல்லாம் துணி. பக்கத்தில் ஒருவர் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து ஆற்றோடு விட்டுவிட்டு, மாற்று வேட்டியைச் சுற்றிக்கொண்டு படியேறினார். ஏன் இப்படி என்று கேட்டேன். தோஷம் கழிய உடுத்தியதை விடவேண்டுமாம், திரும்பிப் பார்க்காமல் போகவேண்டுமாம், ஜோசியர் சொன்னாராம். திரும்பிப் பார்த்திருந்தால் அந்த வேட்டி பத்தடி தள்ளி ஒரு கல்லில் மாட்டிக்கொண்டு கிடந்ததைப் பார்த்திருப்பார்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தானே பவானி கூடுதுறை? ஆடி அமாவாசைக்கு மறுநாள் போய் நின்று பாருங்கள். மனைவியைக் காசிக்கு அழைத்துப் போகத் தயங்குகிற நீங்கள் முதலில் அதைப் பார்த்துக் கோபப்படவேண்டும். பாலியஸ்டர் மக்காது. நீச்சல் தெரிந்தவன் காலையும் பிடித்து இழுக்கும். உடுத்திய துணியைக் கழிக்கத்தான் வேண்டுமென்றால் துவைத்து, இல்லாதவருக்குக் கொடுங்கள், அது தானம். ஆற்றில் வீசினால் அது குப்பை. தன் தோஷத்தை இன்னொருவர் காலில் கட்டிவிட்டுப் போகிறவனுக்கு எந்த ஆறு என்ன செய்துவிட முடியும்? பாவம் போகுமா என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அப்பாயி ஆற்றிடம் கேட்டுக்கொண்டு கால் வைத்தாளே, அந்த ஒரு நொடியில் அவள் முகம் இருந்த விதம்தான் எனக்குத் தெரியும். அதைச் செம்பில் அடைத்து விற்கமுடியாது.

காசியை விட்டு எங்கேயோ போய்விட்டேன்.

போங்கள். முறைப்படி என்றால் முதலில் ராமேஸ்வரம், அங்கிருந்து மணல் எடுத்துப்போய்ப் பிரயாகையில் கரைத்து, காசியும் கயையும் முடித்துக் கங்கை நீரோடு மறுபடி ராமேஸ்வரம். மூட்டுவலிக்கு அவ்வளவு அலைச்சல் வேண்டாம் என்றால் பிரயாகை, காசி மட்டும் போதும். நேரம் கடந்துவிட்டதே என்று நினைக்காதீர்கள். ஐப்பசி முழுவதும் நடந்துவந்த முடவன் ஒருவன் மாயவரத்துக்குக் கார்த்திகை முதல் நாள்தான் வந்து சேர்ந்தான். அவனுக்காக அந்த நாளுக்கும் அதே பலனைக் கொடுத்தான் ஈசன். இன்றைக்கும் அங்கே அதற்கு முடவன் முழுக்கு என்றுதான் பெயர்.

ஈரத்துணிக்குத் தனியாக ஒரு பை எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், பிரயாகையில் வேணி தானம் உண்டு. மனைவியை உட்காரவைத்துக் கணவன்தான் தலை வாரிப் பின்னி, நுனியில் துளி முடியை வெட்டித் திரிவேணியில் விடவேண்டும். உங்களுக்குப் பின்னத் தெரியாது என்று நினைக்கிறேன். இன்று சாயங்காலமே அவரிடம் சீப்பைக் கேட்டு வாங்கிப் பழக ஆரம்பியுங்கள்.