ஹைட்ரோபிளேன் பந்தயப் படகு வேகத்தில் ஏன் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடிக்கிறது?

ஹைட்ரோபிளேன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் படகு அல்ல. முழு வேகத்தில் அது தண்ணீரைத் தொடுவது மூன்றே இடங்களில்: முன்னால் இருபுறமும் உள்ள மிதவைகளின் பின்நுனி, பின்னால் பாதி முங்கிய புரொப்பெல்லர். மீதி எடையைத் தாங்குவது அடியில் புகும் காற்று.

சிக்கலும் அங்கேதான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தூக்கு விசை நான்கு மடங்காகும். எதிர்காற்று ஒரு முறை ஓங்கி வீசினாலோ, முன்னால் போன படகின் அலையில் மிதவை ஏறினாலோ மூக்கு சற்று நிமிரும். நிமிர்ந்ததும் அடியில் இன்னும் காற்று புகும், மேலும் நிமிரும். காற்றடிக்கும்போது பிளைவுட் பலகையைத் தலையில் சுமந்து பாருங்கள், முன்விளிம்பு கொஞ்சம் தூக்கினால் போதும், பலகையே ஆளைப் பின்னுக்குத் தள்ளிவிடும். 1967 ஜனவரி 4 அன்று இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரியில், நீரில் வேகச் சாதனைக்கு முயன்ற டொனால்ட் கேம்ப்பெல்லின் புளூபேர்ட் கே7 படகு இப்படித்தான் மேலெழும்பிக் கவிழ்ந்தது.

சிறிய அவுட்போர்டு (எஞ்சின் படகின் பின்புறம் வெளியே மாட்டியிருக்கும்) வகைகளில் ஓட்டுபவர் முட்டி போட்டிருப்பார். மூக்கு எழும்போது உடலை முன்னே சாய்த்து, எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் பிடியைக் கொஞ்சம் தளர்த்துவார். (அந்தப் பிடி ஸ்பிரிங் வைத்தது, கை விட்டால் தானே மூடிக்கொள்ளும்.) திருப்பத்திலோ நேர்மாறு: திடீரென்று விட்டால் மூக்கு அலையில் குத்தும். இந்தக் கை அளவுதான் பயமும் போதையும்.

முன்னால் எடை ஏற்றினால் கவிழாது என்று பலர் நினைக்கிறார்கள். அளவு மீறினால் மிதவை தண்ணீரில் புதைந்து, படகு தலைகுப்புறப் பாயும்.