ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓர் உளவாளி

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜான் லெ காரேயின் ‘ஏஜென்ட் ரன்னிங் இன் தி ஃபீல்ட்’ உளவு நாவலின் ஒலிநூலைக் காலை நடையின்போது ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டு முடித்தேன். பாதியில் யார் யாரென்று குழம்பிவிட்டது. பேட்மின்டனும் பிரெக்ஸிட் புலம்பலும் வேறு நீளம். கேட்டதைப் படித்த கணக்கில் சேர்க்கலாமா?

க.

அன்புள்ள க.,

சேர்த்துக்கொள்ளுங்கள், யார் வந்து தணிக்கை செய்யப்போகிறார்கள்? பெயர்க் குழப்பத்துக்கு ஒரு துண்டுச்சீட்டு போதும்.

ஆனால் அந்த ஒன்றரை மடங்கு! அப்படி என்ன அவசரம் உங்களுக்கு? வாசிப்பவர் யாரென்று கவனித்தீர்களா? லெ காரேயேதான். பிரிட்டனின் உளவு அமைப்புகளான எம்ஐ5, எம்ஐ6 இரண்டிலும் வேலை பார்த்தவர். நாவல் 2019 அக்டோபரில் வந்தது. அந்த மாதம் அவருக்கு 88 நிறைந்தது. அந்தக் கிழவர் 47 வயது உளவாளி நாட் ஆகவும், அவனோடு பேட்மின்டன் ஆட வரும் எட் என்ற இளைஞனாகவும் மாறி மாறிப் பேசுகிறார். மறு ஆண்டு டிசம்பரில் போய்விட்டார். அந்தக் குரலைத்தான் நீங்கள் விரட்டு விரட்டென்று விரட்டியிருக்கிறீர்கள்.

என் பெரியப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் பார்வை இல்லை. வாரப்பத்திரிகை மர்மத்தொடரை நான்தான் வாசித்துக் காட்டுவேன். கொலைகாரன் யாரென்று தெரிந்துகொள்ளும் வெறியில் விசாரணைக் காட்சியில் ஓடுவேன். “டேய், நில்லு. இன்ஸ்பெக்டர் கேட்டதும் அவன் உடனே பதில் சொன்னானா, கொஞ்சம் கழிச்சுச் சொன்னானா?” என்பார். பத்திரிகையில் அதெல்லாம் போட்டிருக்காது. நானாக ஓர் இடைவெளி விட்டு மறுபடி வாசிப்பேன். “அப்ப பொய்தான்” என்று தீர்ப்பு வந்துவிடும்.

லெ காரேயின் உளவாளிகள் துப்பாக்கியைத் தூக்குவது குறைவு. எதிரில் இருப்பவனைப் பேசவிட்டுக் காத்திருப்பார்கள். நாட் செய்துவந்த தொழிலே அதுதான். ஆட்டம் முடிந்து பியரோடு உட்கார்ந்து எட் பிரெக்ஸிட்டையும் டிரம்ப்பையும் திட்டித் தீர்க்கிறான்; நாட் கேட்டுக்கொண்டிருக்கிறான். பின்னால் நாட்டை அவனுடைய துறையே உட்காரவைத்து, அந்தச் சந்திப்புகளைக் குடைந்து குடைந்து கேட்கிறது. நீங்கள் புலம்பல் என்று தள்ளிய இடத்தில்தானய்யா கதையே இருக்கிறது! பதிலுக்கு முன் யார் எவ்வளவு தயங்குகிறார்கள் என்பதை வைத்து எழுதப்பட்ட நாவலில் தயக்கத்தைச் சுருக்கிவிட்டால் மிஞ்சுவது பெயர்க் குழப்பம் மட்டும்தான்.

ஸ்மைலி என்ற உளவாளி வரும் லெ காரே நாவல்களை மைக்கேல் ஜேஸ்டன் வாசித்த பதிவுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை வைத்து 1979-இல் வந்த பிபிசி தொடரில் ஸ்மைலியின் உதவியாளர் பீட்டர் கில்லமாக நடித்தவர். அடுத்து அவற்றைக் கேளுங்கள், இயல்பான வேகத்தில். அத்தியாயம் முடிவதற்குள் நடை முடிந்துவிட்டால் இன்னொரு சுற்று போங்கள், சர்க்கரைக்கும் நல்லது.