இலை செழித்தும் பூக்காத ஆந்தூரியம்

கேள்வி: தாம்பரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நர்சரியில் ஐந்து சிவப்புப் பூக்களுடன் வாங்கிய ஆந்தூரியம், அவை வாடிய பின் ஒரு பூவும் விடவில்லை. வரவேற்பறையில் டி.வி.க்கு அருகே வைத்திருக்கிறேன். தினமும் ஆழ்துளைக் கிணற்று நீர் ஊற்றுகிறேன்; மாதம் ஒரு முறை ஒரு தேக்கரண்டி டி.ஏ.பி. உரம் இடுகிறேன். இலைகள் கரும்பச்சையாக நீண்டு வளர்கின்றன, நுனி மட்டும் கருகுகிறது. பெரிய தொட்டிக்கு மாற்றினால் பூக்குமா?

பதில்: தொட்டியை மாற்ற வேண்டியது உண்மைதான், ஆனால் பூ வராததற்குக் காரணம் தொட்டி அன்று, வெளிச்சக் குறைவு. வயது முதிர்ந்த ஆந்தூரியத்தில் ஒவ்வொரு இலையின் கக்கத்திலும், அதாவது இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில், ஒரு பூமொட்டு உருவாகிறது. போதிய ஒளி கிடைக்காதபோது செடி அந்த மொட்டை வளர்க்காமல் கைவிட்டு, அடுத்த இலையை மட்டும் தள்ளுகிறது. வாங்கும்போது இருந்த ஐந்து பூக்களும் பசுமைக்குடிலின் ஒளியிலும் ஈரப்பதத்திலும் உருவானவை. உங்கள் வீட்டுக்கு வந்த பின் விட்ட இலைகள் கரும்பச்சையாகவும் நீண்ட காம்புடனும் இருப்பதே, செடி ஒளியைத் தேடி நீள்கிறது என்பதற்குச் சான்று. பார்வைக்கு அது செழிப்பாகத் தோன்றுவதால்தான் பலரும் குறையை உரத்தில் தேடுகிறார்கள்.

வணிக முறையில் ஆந்தூரியம் வளர்ப்போர் நிழல்வலையின் கீழ் ஏறத்தாழ 15,000 முதல் 20,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை ஒளி கிடைக்கும்படி பார்த்துக்கொள்கின்றனர். நம் கண்ணுக்கு நல்ல வெளிச்சமாகத் தெரியும் வரவேற்பறையின் உட்புறத்தில் பெரும்பாலும் சில நூறு லக்ஸ் மட்டுமே இருக்கும். கைப்பேசியில் ஒளி அளக்கும் செயலி ஒன்றைப் பதிவிறக்கிப் பார்த்தால், ஜன்னலிலிருந்து நான்கு அடி நகர்வதற்குள் அளவு எவ்வளவு சரிகிறது என்பது உங்களுக்கே விளங்கும். ஆகவே செடியைக் கிழக்கு ஜன்னலை ஒட்டி, காலை எட்டரை மணி வரையிலான இளவெயில் படும்படி வையுங்கள். தெற்கு அல்லது மேற்கு ஜன்னல்தான் உண்டு என்றால், மெல்லிய வெள்ளைத் திரைக்குப் பின்னால் வைக்கலாம். ஒரேயடியாக வெயிலுக்கு நகர்த்தினால் நிழலில் பழகிய இலைகள் வெளுத்துத் தீய்ந்துவிடும் என்பதால், இரண்டு வார காலத்தில் சிறிது சிறிதாக நகர்த்துவது நல்லது. சித்திரை, வைகாசி மாதங்களில் சென்னையின் நண்பகல் வெயில் அதன்மேல் நேராக விழவே கூடாது. வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது ஆந்தூரியம் சோர்ந்துவிடும். ஏ.சி.யின் காற்று படும் இடமும் வேண்டாம், அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. பொருத்தமான ஜன்னலே இல்லாத வீட்டில், செடி வளர்ப்புக்கான எல்.இ.டி. விளக்கை இலைகளுக்கு ஓரடி மேலே நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரம் எரியவிடலாம்.

நுனிக் கருகலுக்குப் பெரும்பாலும் உப்பே காரணம். உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஏற்கெனவே உப்பு இருக்கும், அதனுடன் டி.ஏ.பி.யும் சேர்ந்து சிறிய தொட்டிக்குள் தேங்குகிறது. வயலுக்கு ஏற்ற அந்த உரம், மண்ணே இல்லாத ஊடகத்தில் (தொட்டியை நிரப்பும் நார், மட்டைத் துண்டு போன்றவற்றில்) தடித்த வேர்களோடு வாழும் இச்செடிக்கு மிகக் கடுமையானது; அதை உடனே நிறுத்துங்கள். மழைநீரைச் சேமிக்க முடிந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. ஆர்.ஓ. இயந்திரத்தில் வடிகட்டிய நீரையும் ஊற்றலாம். ஆனால் அதன் கழிவுக் குழாயில் வரும் நீரை வீணாக்க மனமின்றிச் செடிக்கு ஊற்றுவோர் பலர் உண்டு, அதில் உப்பு இன்னும் செறிவாக இருக்கும். தினமும் ஊற்றும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள்: விரலை ஊடகத்தில் ஓர் அங்குலம் நுழைத்துப் பார்த்து, அங்கே காய்ந்திருந்தால் மட்டும் அடித்துளை வழியே வடியும் வரை ஊற்றி, தட்டில் தேங்கிய நீரைக் கொட்டிவிட வேண்டும்.

இனி, நீங்கள் கேட்ட தொட்டி. இரண்டு ஆண்டுகளில் நர்சரியின் தென்னை நார்க்கழிவு மக்கிக் களியாகியிருக்கும். அதில் காற்றின்றி வேர்கள் அழுகத் தொடங்கும். இப்போதுள்ளதைவிட இரண்டு அங்குலம் மட்டும் அகலமான தொட்டி போதும். மிகப் பெரிய தொட்டியில் ஈரம் வெகுநாள் தங்கி வேரைக் கெடுக்கும். தேங்காய் மட்டைத் துண்டுகளை இரண்டு, மூன்று முறை நீர் மாற்றி ஊறவைத்து உப்பை நீக்கிய பின், அடுப்புக்கரித் துண்டுகளையும் செங்கல் சில்லுகளையும் கலந்து நடுங்கள். செம்மண் சேர்க்க வேண்டாம். பழுப்பாகிக் குழைந்த வேர்களை வெட்டிவிட்டு, வெள்ளையாக உறுதியாக இருப்பவற்றை மட்டும் விடுங்கள். சாறு கையில் அரிப்பு உண்டாக்கும் என்பதால் கையுறை அணிவது நல்லது. குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் இலையை மெல்லாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நட்டு ஒரு மாதம் கழித்து, புதிய இலை ஒன்று விரியத் தொடங்கியதும், தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள, நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் கரைத்து, ஈரமாக உள்ள ஊடகத்தில் பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை ஊற்றினால் போதுமானது. தாமிரம் கலந்த பூஞ்சாணக்கொல்லிகளை இதற்குத் தெளிக்காதீர்கள், இலை கருகும்.

பழைய இலைகளின் கக்கங்களில் கைவிடப்பட்ட மொட்டுகள் மீண்டும் வளரா; பூ இனி வரும் இலைகளோடுதான் வரும். எனவே மூன்று, நான்கு மாதங்கள் பொறுத்திருங்கள். புதிய இலை முற்றிய பின் அதன் காம்பின் அடிப்பகுதியை உற்றுப் பாருங்கள்: உறையைப் பிளந்துகொண்டு இலைமொட்டைவிடச் சற்றுப் பருத்த, செந்நிறம் தோய்ந்த கூர்முனை எட்டிப் பார்த்தால் அது பூமொட்டு. முதலில் வரும் மடல் (பூவில் இதழ் போலத் தெரியும் சிவப்புப் பகுதி) சிறியதாகவோ வெளிறியோ இருக்கலாம். அதைக் கண்டு உரத்தைக் கூட்டிவிடாதீர்கள். மடல் பச்சையாக மாறி முதிர்ந்த பின் காம்போடு அடியில் வெட்டிவிடலாம்.