ஷீல்டு மேல் ஷீல்டு: அண்ணாச்சி பதில்கள்

ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் போர்டில் ஷீல்டு (மேலே செருகும் கூடுதல் போர்டு) அடுக்குவது பற்றி மட்டும் கேளுங்கள்.

பாளையங்கோட்டை மாணவர்: ஆர்டுயினோ ஊனோவில் நெட்டுக்கான ஈதர்நெட் ஷீல்டு, அதன் மேல் எல்293டி மோட்டார் ஷீல்டு. நெட் வரவில்லை. போர்டு போச்சா அண்ணாச்சி?

போகவில்லை தம்பி. ஒரே பின்னுக்கு (எண் போட்ட இணைப்பு முனை) இரண்டு ஷீல்டும் அடித்துக்கொள்கின்றன. ஈதர்நெட்டுக்கு 10, 11, 12, 13 வேண்டும். அதிலுள்ள எஸ்டி கார்டுக்கு 4. மோட்டார் ஷீல்டு வேகத்துக்கு 3, 5, 6, 11, திசைக்கு 4, 7, 8, 12 எடுக்கிறது. ஆக 4, 11, 12 மூன்றிலும் மோதல். செர்வோவும் மாட்டினால் 10-உம் போச்சு. ஐ2சி-யில், அதாவது இரண்டே கம்பியில், பேசும் மோட்டார் ஷீல்டு வாங்கினால் ஏ4, ஏ5 இரண்டோடு முடிந்துவிடும். செருக முடிகிறது என்பதற்காகச் செருகாதீர்கள். முதலில் ஒரு தாளில் எல்லாப் பின்னையும் எழுதி, யார் எதை எடுக்கிறார் என்று குறியுங்கள்.

அம்பாசமுத்திரம்: ஊனோவுக்குப் பதில் பெரிய மெகா போர்டு போட்டால் தீருமா?

பாதி தீரும். மெகாவில் ஈதர்நெட் பேசும் எஸ்பிஐ இணைப்பு 50, 51, 52-க்குப் போய்விடுகிறது. ஈதர்நெட் ஷீல்டு நடுவிலுள்ள ஆறு முள் ஐசிஎஸ்பி வழியாக எடுப்பதால் 11, 12 விடுபடும். 4-உம் 10-உம் அப்படியே இருக்கும்.

வீரவநல்லூர்: டிஎஸ்1307 கடிகாரமும் எம்பியு6050 அசைவு சென்சாரும் சேர்ந்து ஓடவில்லை.

ஐ2சி-யில் இரண்டுக்கும் ஒரே முகவரி, ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) 68. எம்பியுவின் ஏடி0 பின்னை 3.3 வோல்ட்டில் கட்டுங்கள், 69 ஆகிவிடும். தாளில் முகவரியும் வேண்டும்.

கடையம்: 12 வோல்ட் அடாப்டர், நாலு ரிலே (மின்சாரத்தில் இயங்கும் சுவிட்ச்) உள்ள ஷீல்டு. போர்டு கொதிக்கிறது.

ரிலே ஒன்றுக்கு 70 மில்லிஆம்ப், நாலுக்கு 280. 12-இல் ரிலேக்கான 5 போக மிச்ச 7 வோல்ட்டையும் போர்டிலுள்ள அந்தச் சின்ன ரெகுலேட்டர்தான் சூடாக்கித் தள்ள வேண்டும், ஏறத்தாழ 2 வாட். ரிலேக்குத் தனி 5 வோல்ட் கொடுங்கள், கிரவுண்டை மட்டும் சேருங்கள்.

களக்காடு: வாழைக்குத் தண்ணீர் விட 1.5 எச்பி மோட்டார். ரிலேயில் 10 ஆம்ப் என்று போட்டிருக்கிறதே, நேரே மாட்டலாமா?

கூடாது. ஓடும்போதே 8, 9 ஆம்ப். கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு. ரிலே, காண்டாக்டர் என்ற பெரிய சுவிட்சின் காயிலை மட்டும் இயக்கட்டும், மோட்டாரைக் காண்டாக்டர் பார்த்துக்கொள்ளும்.

நாங்குநேரி: இரண்டு வருஷமா நேராத்தான் ஓட்டுறேன். ஒண்ணும் ஆகலையே!

ஆகும்வே. என் தோட்டத்தில் ராத்திரி ரிலே ஒட்டிக்கொண்டது. ஆர்டுயினோ நிறுத்தச் சொல்லியும் மோட்டார் நிற்கவில்லை. கிணறு வற்றி, வெறுமனே ஓடி, விடியும்போது கருகல் வாடை. ரீவைண்டிங் செலவில் பத்து காண்டாக்டர் வாங்கியிருக்கலாம்.

நாங்குநேரி: உங்க ரிலே டூப்ளிகேட்டா இருக்கும் அண்ணாச்சி.

இருக்கட்டும். உம்முடையது அசல் என்று ரிலேயா வந்து சொன்னது?

களக்காடு: சண்டை வேண்டாம், நான் காண்டாக்டரே வாங்கிக்கிறேன்.

தென்காசி: ஈதர்நெட் மேல் மோட்டார் ஷீல்டு போட்டேன், நெட் வரவில்லை...

முதல் பதில். தாள்.