டிடி போட்டும் பழைய பார்ட்டிஷன் போகலையா?

மலேசியாவுல சுங்கை சிப்புட் டவுன்லயும் சுத்தியுள்ள தோட்டங்கள்லயும் பழைய கம்ப்யூட்டர வச்சிருக்கிறவங்க டிஸ்க்க அழிக்கிறத பத்தி கேட்ட கேள்விங்க இது.

கேள்வி: அண்ணே, லினக்ஸ்ல டிடி (dd, டிஸ்க்ல நேரா எழுதுற கமாண்ட்) போட்டு டிஸ்க் முன்பக்கம் ஒரு எம்பிக்கு ஸீரோ எழுதிட்டேன், அப்புறமும் ஜிடிஸ்க் (gdisk, பார்ட்டிஷன் பார்க்கிற டூல்) பழைய ஜிபிடி (GPT, டிஸ்க்க எப்படி பிரிச்சிருக்குன்னு சொல்ற டேபிள்) இருக்குன்னு காட்டுதே?

பதில்: தம்பி, ஜிபிடி ரெண்டு இடத்துல இருக்கும், முன்னால ஒன்னு, டிஸ்க்கோட கடைசி 33 செக்டர்ல அதோட காப்பி ஒன்னு, முன்னால உள்ளது கெட்டுப்போனா பின்னால உள்ளத வச்சி மீட்கணும்னே அப்படி வச்சிருக்காங்க. நீங்க செஞ்சது லாலாங் புல்ல மேலாக்க வெட்டுன மாதிரி, கிழங்கு அப்படியே இருக்கு. எஸ்ஜிடிஸ்க்ல ஸாப்-ஆல் (sgdisk --zap-all) போடுங்க, ரெண்டு பக்கமும் போயிரும், எம்பிஆரும் (MBR, முதல் செக்டர்ல உள்ள பழைய மாதிரி டேபிள்) போயிரும். வெறும் ஸாப்னு போட்டா எம்பிஆர் தங்கிரும், அத கவனிங்க. எதுக்கும் முன்ன எல்எஸ்பிஎல்கே (lsblk -o NAME,SIZE,MODEL, டிஸ்க் பட்டியல் காட்டுற கமாண்ட்) அடிச்சி சைஸ், மாடல் பார்த்துக்குங்க, எஸ்டிஏ எஸ்டிபி (sda, sdb) மாதிரி டிஸ்க் பேரு ரீஸ்டார்ட்டுக்கு அப்புறம் மாறலாம், பிள்ளைங்க போட்டோ இருக்கிற டிஸ்க்க அழிச்சிட்டு நிக்காதீங்க.

கேள்வி: வைப்எஃப்எஸ் மைனஸ் ஏ (wipefs -a, டிஸ்க்ல உள்ள அடையாளத்த அழிக்கிற கமாண்ட்) போட்டேன், டேபிள் போச்சு, ஆனா புது பார்ட்டிஷன் போட்டதும் பழைய என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் ஃபைல் சிஸ்டம்) திரும்ப வருது.

பதில்: அது நீங்க காட்டுன டிவைஸ்ல உள்ள அடையாளத்த மட்டும்தான் அழிக்கும், பார்ட்டிஷன் உள்ள இருக்கிறது அப்படியே கிடக்கும், புதுசும் அதே 2048வது செக்டர்ல ஆரம்பிச்சா பழசு எந்திரிச்சி வரும். முதல்ல எஸ்டிபி1, எஸ்டிபி2 பார்ட்டிஷன்கள்ல ஒன்னொன்னா போடுங்க, கடைசியா முழு டிஸ்க்ல.

கேள்வி: டிவைஸ் பிஸின்னு வருது, ஃபோர்ஸ் போடலாமா?

பதில்: வேணாம். அன்மவுன்ட் பண்ணுங்க, ஸ்வாப்ஆஃப் (swapoff, ஸ்வாப் இடத்த நிறுத்துற கமாண்ட்) போடுங்க, எல்விஎம் (LVM, டிஸ்க்குகள சேத்து பிரிக்கிற ஏற்பாடு) இருந்தா அதையும் நிறுத்துங்க. சிஸ்டம் ஓடுற டிஸ்க்கேன்னா லைவ் யுஎஸ்பில பூட் பண்ணித்தான் செய்யணும்.

கேள்வி: நான் தோட்டத்து கிராணி (கிளார்க்). ஆபீஸ் கம்ப்யூட்டர தமிழ்ப்பள்ளிக்கு கொடுக்கப் போறோம், விண்டோஸ் டிஸ்க்பார்ட்ல கிளீன் போட்டாச்சு, போதுமாங்க?

பதில்: போதாதுங்க ஐயா, தயவு செஞ்சி அப்படியே கொடுத்துறாதீங்க. கிளீன் டேபிளத்தான் எடுக்கும், ஃபைல் எல்லாம் அங்கேயேதான் இருக்கு, டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் மாதிரி இலவச டூலே அத எடுத்துரும், அதுல நம்ம ஆளுங்களோட ஐசி (அடையாள அட்டை) நம்பர், சம்பளக் கணக்கு, பேங்க் நம்பர் எல்லாம் இருக்குமே. கிளீன் ஆல் போடுங்க, ஒவ்வொரு செக்டர்லயும் ஸீரோ எழுதும், ஒரு டிபி டிஸ்க்குன்னா பல மணி நேரம் ஆகும், சாயங்காலம் போட்டு விட்டுட்டு மறுநாள் வந்து பாருங்க. எஸ்எஸ்டியா இருந்தா இது சரிப்படாது, அந்த எஸ்எஸ்டி செஞ்ச கம்பெனி டூல்ல உள்ள செக்யூர் இரேஸ் போடுங்க.