சீனக் கிராமத் தேர்தல் ஏன் மேலே ஏறவில்லை?

"சீனக் கிராமங்களில் ஓட்டுப் போடுகிறார்களே, அது ஒருநாள் பெய்ஜிங் வரை போகாதா?" என்பது கேள்வி. போகாது என்பதே என் கணிப்பு. ஊர் தேர்ந்தெடுக்கும் கிராமக் குழு அங்கே அரசாங்கமே அல்ல. அரசமைப்புப்படி அது வெறும் சுயநிர்வாக அமைப்பு. அரசு அதற்கு மேலே, பல கிராமங்கள் சேர்ந்த டவுன்ஷிப்பில்தான் தொடங்குகிறது.

கிராம அளவில் விதிகள் மோசமில்லை. 1998 சட்டப்படி 18 வயதானவர்கள் தாங்களே வேட்பாளரை முன்மொழியலாம். ரகசிய வாக்கு, எல்லார் முன்னிலையிலும் எண்ணிக்கை. பாதிக்கு மேல் வாக்காளர்கள் வரவேண்டும். வென்றவர் பதிவான வாக்கில் பாதியைத் தாண்டவேண்டும். 3 முதல் 7 பேர் கொண்ட குழு. பதவிக்காலம் 3 ஆண்டாக இருந்து 2018-இல் 5 ஆனது.

சிக்கல், கிராமத்தின் கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளர். ஊர் அவரை வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை, ஆனால் கடைசிச் சொல் அவருடையது. 2018 இறுதியில் திருத்திய கட்சி விதியோ, செயலாளரே குழுத் தலைவராகவும் வரவேண்டும் என்கிறது. 'ஒரே தோளில் சுமப்பது' என்று அதற்குப் பெயர்.

குவாங்டாங் மாகாணத்தின் வூக்கான் கிராமத்தில் 2011-இல் நில விற்பனையை எதிர்த்து ஊரே எழுந்தது. 2012 மார்ச்சில் போராட்டத் தலைவர் லின் சூலியான் முறையாக ஜெயித்தார். விற்ற நிலத்தை மீட்கும் அதிகாரம் மட்டும் அந்தப் பதவியில் இல்லை. 2016-இல் லஞ்ச வழக்கில் அவருக்கு மூன்றாண்டுக்கு மேல் சிறை.

ஒரு படி மேலே ஏறிப் பார்த்ததும் உண்டு. 1998 கடைசி நாளில் சிச்சுவானின் பூயுன் டவுன்ஷிப் தன் தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுத்தது. தலைவரை டவுன்ஷிப் மக்கள் மாமன்றமே, அதாவது அங்குள்ள பிரதிநிதிகள் சபையே, தேர்ந்தெடுக்கவேண்டும், ஆகவே இது அரசமைப்புக்கு முரண் என்றது அரசுத் தரப்பு.

டவுன்ஷிப்புக்கு அடுத்த படியான கவுண்டியின் மாமன்றம் வரை மக்கள் நேரடியாக வாக்களிக்கிறார்கள். அதற்கு மேல் எல்லாம் மறைமுகம்: கீழ் மாமன்றம்தான் மேல் மாமன்றத்தைத் தேர்ந்தெடுக்கும். நேரடித் தேர்தலில் 10 வாக்காளர்கள் சேர்ந்தால் ஒருவரை முன்மொழியலாம். பெயர்கள் அதிகமானால் 'கலந்தாலோசித்து' பட்டியலைச் சுருக்குவார்கள். சுயேச்சைகள் காணாமல் போவது இங்கேதான். வாக்குப்பெட்டியில் தில்லுமுல்லு செய்யத் தேவையே வராது.

சீனப் பண்பாட்டுக்கே மக்களாட்சி ஒத்துவராது என்பவர்கள் தைவானைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அங்கும் முன்பு ஒற்றைக் கட்சி ஆட்சிதான் இருந்தது, 1987 வரை ராணுவச் சட்டம் வேறு. ஆனால் 1950களிலிருந்தே கவுண்டித் தலைவர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 'கட்சிக்கு வெளியே' என்று அழைக்கப்பட்டவர்களின் பெயரும் வாக்குச்சீட்டில் இருந்தது. 1986-இல் எதிர்க்கட்சி தொடங்கியவர்கள் பலர் அப்படி ஜெயித்து வந்தவர்கள். அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தது 1996-இல்.